ஏற்காடு ஏறி இறங்க எந்த மோட்டார் சைக்கிள்?

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் ஒருவருக்கு ஏற்காட்டில் பள்ளி வேலை கிடைத்திருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் மலையேறி இறங்க வேண்டும்; சில நாட்களில் மனைவியும் பின்னால் உட்கார்ந்து வருவார். ரைடர் 125, யமஹா எஃப்இசட், அப்பாச்சி 160 4வி, ஆர்15, ஹன்டர் 350, கிளாசிக் 350 ஆகிய ஆறில் எதை வாங்கலாம், அல்லது இப்போது கையில் இருக்கும் ஸ்பிளெண்டரே போதுமா என்று கேட்டிருக்கிறார். இந்த வண்டிகள் எல்லாவற்றையும் அந்த மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட கேள்விக்குப் பெரும்பாலும் எந்த வண்டிக்கு இழுவை அதிகம் என்பதையே பதிலாகச் சொல்வார்கள். ஏற்காடு என்றதும் ஏற்றம் நினைவுக்கு வருவதால் அது இயல்புதான். ஆனால் சேலத்து ஷோரூம்களில் இன்று விற்கும் எந்த மோட்டார் சைக்கிளும் இந்த மலையை ஏறிவிடும். ஒரு வண்டிக்கும் இன்னொரு வண்டிக்கும் உள்ள வேற்றுமை மாலையில் வேலை முடிந்து இறங்கும்போதுதான் முழுமையாகத் தெரியவரும். ஆகவே ஏற்றத்தைப் பற்றித் தேவையான அளவு சொல்லிவிட்டு, இறக்கத்தை நிதானமாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பாதையின் கணக்கைப் பார்த்துவிடலாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மொத்தத் தொலைவு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வரையில் பாதை பெரும்பாலும் சமமாகவே போய்விடுவதால், ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் எஞ்சிய இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் அடங்கிவிடுகின்றன. சராசரியாக நூறு மீட்டர் தூரத்துக்கு ஆறு மீட்டர் உயர வேண்டும். வளைவுகளின் உட்புறத்தில் சரிவு அதைவிடக் கடுமையாக இருக்கும். ஸ்பிளெண்டரின் எடை 112 கிலோ. இருவர் ஏறி, பையும் சேர்ந்தால் மொத்தம் 260 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எடையை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சராசரிச் சரிவில் தூக்கிச் செல்வதற்கு இரண்டு குதிரைத்திறனுக்கும் குறைவாகவே தேவைப்படும். காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் சேர்த்தால் மூன்று ஆகலாம். ஸ்பிளெண்டரின் 97.2 சிசி இன்ஜின் 8 குதிரைத்திறன் கொடுக்கிறது. 1994 முதல் அந்த வண்டி மலைவாசிகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்துகொண்டு இந்தப் பாதையில் ஏறிக்கொண்டிருப்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆனால் அந்த 8 குதிரைத்திறன் நிமிடத்துக்கு 8,000 சுற்றில்தான் கிடைக்கும். கொண்டை ஊசி வளைவில் வேகம் 15 கிலோமீட்டருக்குக் குறையும்போது இன்ஜினின் சுற்று தரையைத் தொட்டுவிடும். கிடைக்கும் திறன் அதில் பாதிகூட இராது. நான்கே கியர்கள் என்பதால் ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகம். இரண்டாம் கியரில் வண்டி திணறும், முதல் கியரில் கத்தும். அந்த இடைவெளியை நிரப்பப் பலர் கிளட்சைப் பாதி பிடித்தபடியே வளைவைக் கடக்கிறார்கள். எப்போதோ ஒருமுறை ஏறுபவருக்கு அதனால் கேடில்லை. நாள்தோறும் ஏறுபவருக்கு கிளட்ச் பிளேட் விரைவில் தேய்ந்துபோகும். இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி சேலத்தைவிடக் குறைவு என்பதால், டர்போ இல்லாத எந்த இன்ஜினும் மேலே போகப்போக ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு திறனை இழக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்கும் எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகள் பெட்ரோல் அளவைத் தாமே குறைத்துக்கொண்டு சீராக ஓடும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் சேர்ந்து, கடைசி ஐந்தாறு வளைவுகளில் இழுவை மந்தமாவதை நன்றாகவே உணரலாம்.

ரைடர் 125 இந்தக் குறைகளில் பாதியைத் தீர்த்துவிடுகிறது. 124.8 சிசி, 11.4 குதிரைத்திறன், ஐந்து கியர்கள், 123 கிலோ எடை. தனியாக ஏறுபவருக்கு மூன்றாம் கியரில் தாராளமாக ஏறும். வளைவுகளில் இரண்டாம் கியர் போதும். இதன் கைப்பிடி அகலமாக இருப்பதால் குறுகிய வளைவில் வண்டியைத் திருப்புவது மிக எளிது. ரைடரைத் தயாரிக்கும் டிவிஎஸ் தொழிற்சாலை நமக்குப் பக்கத்து ஓசூரில் இருப்பதாலோ என்னவோ, உதிரிபாகங்களும் கை தேர்ந்த மெக்கானிக்குகளும் சேலத்தில் எளிதாகக் கிடைக்கிறார்கள். இருவராக ஏறும்போது மட்டும், முன்னால் போகும் அரசுப் பேருந்தை முந்துவதற்கு நேரான துண்டுப் பாதை கிடைத்தாலும் அதற்குள் முந்தி முடிக்க வேகம் கூடாது. அப்படிப்பட்ட நேரத்தில் பேருந்தின் பின்னாலேயே பொறுமையாக வருவதுதான் சரி. ஹோண்டா ஷைன், எஸ்பி 125 ஆகியவற்றுக்கும் ஏறக்குறைய இதே மதிப்பீடுதான். அவை இன்னும் மென்மையானவை, ஆனால் சற்று நிதானமானவை.

இனி உங்கள் பட்டியலின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இழுவையை ஒப்பிடும்போது காகிதத்தில் உள்ள குதிரைத்திறனைப் பார்த்து முடிவெடுப்பதால்தான் பலர் குழம்புகிறார்கள். எத்தனை சுற்றில் எவ்வளவு திறன் கிடைக்கிறது என்பதுதான் மலைப்பாதையில் முக்கியம். ஆர்15 வண்டியின் 155 சிசி இன்ஜின் 18.4 குதிரைத்திறன் தருகிறது, ஆனால் அது 10,000 சுற்றில். அதன் அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது இன்ஜின் தண்டைத் திருப்பும் விசை (டார்க்), 14.2 நியூட்டன் மீட்டர்; அது 7,500 சுற்றில் கிடைக்கிறது. அந்தச் சுற்றில் கணக்கிட்டால் திறன் சுமார் 15 குதிரைத்திறன். கிளாசிக் 350 மொத்தமே 20 குதிரைத்திறன்தான் தருகிறது. ஆனால் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4,000 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால், அந்த 15 குதிரைத்திறனை அது 4,000 சுற்றிலேயே கொடுத்துவிடுகிறது. ஆர்15 தொண்டை கிழியக் கத்தி அடையும் இடத்தைக் கிளாசிக் அமைதியாக அடைந்துவிடுகிறது என்பதுதான் இதன் பொருள். இதற்கு அடிப்படைக் காரணம் பிஸ்டனின் பயண நீளம். ஒப்பீட்டுக்காகக் கேடிஎம் நிறுவனத்தின் டியூக் 200 வண்டியை எடுத்துக்கொள்வோம். கிளாசிக் 350, டியூக் 200 இரண்டிலும் சிலிண்டரின் விட்டம் ஒன்றேதான், 72 மில்லிமீட்டர். டியூக்கில் பிஸ்டன் 49 மில்லிமீட்டர் மட்டுமே நகர்கிறது, கிளாசிக்கில் 85.8 மில்லிமீட்டர் நகர்கிறது. குறுகிய பயணம் கொண்ட இன்ஜின் வேகமாகச் சுழல்வதற்காகச் செய்யப்பட்டது. நீண்ட பயணம் கொண்டது மெதுவாகச் சுழன்று இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. டியூக் 200 வண்டியின் 25 குதிரைத்திறனும் 10,000 சுற்றில்தான் கிடைக்கிறது.

இதைக் கேட்டதும் கிளாசிக்தான் மலைக்கு ஏற்ற வண்டி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதன் எடை 195 கிலோ. ஆர்15 வண்டியின் எடை 142 கிலோ. அந்த 53 கிலோவையும் இன்ஜின்தான் தூக்க வேண்டும். மேலும், வேகமாகச் சுழலும் இன்ஜினுக்குக் கியர்களும் அதற்கேற்ப, சுற்றைக் குறைத்து இழுவையைக் கூட்டும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஆகவே சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் ஆர்15 தோற்றுப்போவதில்லை. ஓட்டுபவர் எத்தனை முறை கியர் மாற்ற வேண்டியிருக்கிறது, இன்ஜினை எவ்வளவு சத்தமாக ஓட்ட வேண்டியிருக்கிறது என்பதில்தான் இரண்டுக்கும் வேற்றுமை. ஆர்15 வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு கியர் இறக்கி, வளைவு முடிந்ததும் இரண்டு கியர் ஏற்ற வேண்டும். இளைஞர்களுக்கு அதுவே இன்பம். அதில் நானும் நிறைய இன்பம் அடைந்திருக்கிறேன். காலையில் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டிய ஆசிரியருக்கு அது தினமும் இன்பமாக இருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

ஆர்15 வண்டியைப் பற்றி இன்னொரு செய்தி. வளைவில் அது நடந்துகொள்ளும் விதத்துக்கு இந்த ஆறில் எதுவும் ஈடாகாது. சட்டகம் விறைப்பானது, முன்பக்கம் எங்கே போகிறது என்பது கைக்குத் துல்லியமாகத் தெரியும், பின்டயர் ரேடியல் வகை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் இரண்டு சக்கரங்களுக்கும் உண்டு, கியரைச் சடசடவென்று இறக்கினாலும் பின்சக்கரம் தடுமாறாதபடி ஸ்லிப்பர் கிளட்சும் உண்டு. ஆனால் குனிந்து ஓட்டும் அமைப்பு என்பதால் இறக்கத்தில் உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் வந்து விழும். இருபது வளைவுகள் இறங்கிக் கோரிமேடு வருவதற்குள் கை மரத்துப்போகும். பின்னிருக்கை உயரமாகவும் சிறியதாகவும் இருப்பதால் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் முன்னால் சரிந்து வருவார்; அந்த எடையும் சேர்ந்து ஓட்டுபவரின் முதுகில் இறங்கும். புடவை கட்டி ஒருபக்கமாக உட்கார்ந்து வருபவருக்கு அது பாதுகாப்பானதே அல்ல. மனைவியும் வருவார் என்று நீங்கள் எழுதியிருப்பதால் இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடச் சொல்வேன். அதே இன்ஜினை நிமிர்ந்த கைப்பிடியோடு தரும் எம்டி15 மணிக்கட்டைக் காப்பாற்றும். பின்னிருக்கையில் அதுவும் ஏமாற்றமே.

எஃப்இசட் நேர் எதிரான குணம் கொண்டது. 149 சிசி, 12.4 குதிரைத்திறன் என்று படிக்கும்போது ரைடரைவிடப் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் 13.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 5,500 சுற்றிலேயே கிடைத்துவிடுவதால் வளைவிலிருந்து வெளியே வரும்போது கியர் மாற்றாமலே சீராக எழுந்து வரும். பின்டயர் 140 அளவு என்பதால் ஈரப் பாதையில் நம்பிக்கை தரும். எடை 136 கிலோவைச் சுற்றியே நிற்கிறது. இருவர் ஏறும்போது மேல்வளைவுகளில் மூச்சு வாங்கும் என்பது ஒன்று, முன்சக்கரத்துக்கு மட்டுமே ஏபிஎஸ் என்பது இன்னொன்று, இவ்விரண்டும்தான் குறைகள். நிதானமாக ஓட்டுபவருக்கு இது நல்ல வண்டி, இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

அப்பாச்சி 160 4வி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 159.7 சிசி இன்ஜினிலிருந்து 17.5 குதிரைத்திறன், அதிகபட்ச முறுக்குவிசை 7,250 சுற்றில் 14.7 நியூட்டன் மீட்டர். எண்களில் ஆர்15 வண்டிக்கு மிக அருகில் இருக்கிறது, ஆனால் உட்காரும் முறை நிமிர்ந்தது. பின்னிருக்கை மனிதர் உட்காரும்படி இருக்கிறது. கீழ்ச்சுற்றில் எஃப்இசட் அளவுக்கு மென்மை இல்லையென்றாலும், 5,000 சுற்றைத் தாண்டியதும் இருவரோடு ஏறும்போதும் திணறாது. இரண்டு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் உள்ள வகையும் கிடைக்கிறது. சஸ்பென்ஷன் சற்றே கடினம். அடிவாரம் வரையுள்ள பாதையில் வேகத்தடைகளில் அது தெரியும், மலைப்பாதையில் அதுவே நன்மையாக மாறும். பஜாஜ் பல்சர் என்160 உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் இருந்திருக்க வேண்டும். 164.8 சிசி, 16 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டி அப்பாச்சியைவிட மெதுவான சுற்றில் இழுக்கும்; இரட்டை ஏபிஎஸ் வகை அதிலும் உண்டு. வாங்குவதற்கு முன்னால் அதையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ராயல் என்ஃபீல்டு வண்டிகளான ஹன்டர், கிளாசிக் இரண்டிலும் இன்ஜின் ஒன்றேதான். 2021 செப்டம்பரில் கிளாசிக்கில் வந்த அந்த 349 சிசி இன்ஜின், பழைய புல்லட்டுகளின் நடுக்கத்தைப் பெருமளவு ஒழித்துவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ஹன்டர் 181 கிலோதான். 17 அங்குலச் சக்கரங்கள், சற்றே குட்டையான உடல். கிளாசிக்கில் முன்சக்கரம் 19 அங்குலம், பின்சக்கரம் 18 அங்குலம். பெரிய முன்சக்கரம் நேர்ப்பாதையில் வண்டியை உறுதியாகப் பிடித்து நிறுத்தும், குழிகளை எளிதாக விழுங்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் திரும்புவதற்குக் கொஞ்சம் வற்புறுத்த வேண்டும். ஹன்டர் சொன்னதும் திரும்பிவிடும். ஏற்காட்டு வளைவுகளில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, எண்களைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிடப் பெரிது. அதே நேரம் தொடக்க கால ஹன்டரின் பின்சஸ்பென்ஷன் மிகவும் விறைப்பாக இருந்தது. பின்னால் உட்கார்பவரின் இடுப்பு ஒவ்வொரு பள்ளத்தையும் அறியும். 2025இல் வந்த மாற்றத்தில் பின்சஸ்பென்ஷனைத் திருத்தி, கிளட்சையும் இலகுவாக்கினார்கள். பழைய ஹன்டரை செகண்ட் ஹேண்டாக வாங்குவதாக இருந்தால் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். கிளாசிக்கின் இருக்கை இருவருக்கும் வசதியானது. இந்தப் பட்டியலில் பின்னால் இருப்பவர் குறை சொல்லாத வண்டி அது ஒன்றுதான்.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் 195 கிலோ தெரியாது. ஏறும்போது வளைவின் நடுவில் எதிரே பேருந்து வந்து, சரிவில் நின்று, காலை ஊன்றி, மறுபடி கிளம்ப வேண்டிய நிலையில்தான் அது தெரியும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை, இறங்குபவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்புவதற்குப் பாதையின் முழு அகலமும் தேவைப்படும் என்பதால் நடைமுறையில் நாம்தான் நிற்க வேண்டியிருக்கும். அப்போது இடது பக்கத் தரை தாழ்வாக இருந்து கால் எட்டாமல் போனால், கனமான வண்டி சாயத் தொடங்கிய பிறகு நிறுத்துவது அரிது. உங்கள் உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இதை மிகவும் கவனிக்க வேண்டும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலில் தினமும் தள்ளிக்கொண்டு நிற்பதையும் இதோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

இப்போது இறக்கத்துக்கு வருகிறேன். 260 கிலோ எடையை 1,200 மீட்டர் உயரத்துக்கு ஏற்றியபோது அதில் சேர்ந்த ஆற்றல் ஏறத்தாழ 30 லட்சம் ஜூல். இறங்கும்போது இந்த ஆற்றல் முழுவதும் எங்காவது வெப்பமாக மாறியாக வேண்டும். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றும் டயரும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். மீதியை இன்ஜின் எடுத்துக்கொள்ள வேண்டும், அல்லது பிரேக் எடுத்துக்கொள்ள வேண்டும். பிரேக்கே முழுவதையும் சுமக்கும்படி விட்டால் என்ன ஆகும் என்பது அதன் வகையைப் பொறுத்தது. டிரம் பிரேக்கில் ஷூ மூடிய கூட்டுக்குள் இருப்பதால் வெப்பம் வெளியேற வழி குறைவு. தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்கினால் ஷூவின் பிடிப்பு குறைந்துகொண்டே வரும். பெடலை அழுத்தும் அளவுக்கு வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றில் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். ஆனால் எல்லை மீறிச் சூடானால் பிரேக் திரவம் கொதித்து, குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகி, லீவர் கைப்பிடியைத் தொடும்வரை உள்ளே போய்விடும். பிரேக் திரவம் காலப்போக்கில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கிவிடும். நாள்தோறும் மலை இறங்குபவர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் அதை மாற்ற வேண்டும் என்பது இதனால்தான்.

ஆகவே வேலையின் பெரும்பகுதியை இன்ஜினுக்குக் கொடுக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டுக் கியரில் இறங்கும்போது, காற்று வரும் வழியை அடைத்திருக்கும் திராட்டிலுக்கு எதிராகக் காற்றை இழுக்க முயலும் பிஸ்டன் வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். கியர் குறையக் குறைய இந்த இழுப்பு கூடும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று ஓட்டுநர்கள் சொல்வது முழு உண்மை. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எரிபொருள் உட்செலுத்தும் இன்ஜின் கியரில் இறங்கும்போது பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோலைக் குடிக்கும். எனவே அதில் மிச்சமும் இல்லை, பிரேக்கும் இல்லை.

இந்த இழுப்பில்தான் வண்டிகள் பெரிதும் வேறுபடுகின்றன. கிளாசிக்கும் ஹன்டரும் இரண்டாம் கியரில் தாமே வேகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இறங்கும். பெரிய சிலிண்டர் ஒன்றே இருப்பதால் அந்த இழுப்பு உறுதியாக இருக்கும். பல வளைவுகளுக்கு இடையே பிரேக்கைத் தொடவே தேவைப்படாது. கனமான வண்டி என்ற குறையை இது பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. அப்பாச்சியிலும் என்160 வண்டியிலும் இழுப்பு நன்றாகவே இருக்கிறது. எஃப்இசட் சற்று மென்மை. ரைடரில் இரண்டாம் கியர் தனியாக வருபவருக்குப் போதும், இருவராக வந்தால் செங்குத்தான இடங்களில் பிரேக்கின் துணை அடிக்கடி வேண்டும். ஸ்பிளெண்டரில் அந்தத் துணை இன்னும் அதிகமாக வேண்டும். பெரும்பாலான ஸ்பிளெண்டர்களில் முன்னும் பின்னும் 130 மில்லிமீட்டர் டிரம்தான் என்பதை நினைவில் கொண்டால், இருவராகத் தினமும் இறங்குவதற்கு அதை நான் ஏன் பரிந்துரைக்கவில்லை என்பது விளங்கும். தனியாக வருவதாக இருந்து, ஷூவை உரிய காலத்தில் மாற்றிக்கொண்டிருந்தால் அது இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

நீங்கள் கேட்காத இரண்டு வண்டிகளைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் இரண்டுமே இந்தப் பாதையில் ஏராளம். ஸ்கூட்டரில் பெல்ட்டும், சுற்றைப் பொறுத்துத் தானே பிடித்து விடும் கிளட்சும் உள்ளன. வேகம் குறைந்து இன்ஜின் சுற்று இறங்கியதும் அந்தக் கிளட்ச் விட்டுவிடும். அதன் பிறகு வண்டி நியூட்ரலில் உருள்வதற்குச் சமம். கொண்டை ஊசி வளைவை நெருங்கும்போதுதான் இது நேரும் என்பதால் முழுச் சுமையும் பிரேக்கில் விழும். ஸ்கூட்டரில் இறங்குபவர்கள் இடையிடையே வண்டியை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட வேண்டும். இன்னொன்று ஆர்எக்ஸ்100. 1996 வரை விற்ற அந்த இரட்டை வீச்சு (டூ ஸ்ட்ரோக்) வண்டியைச் சேலத்தில் இன்றும் கண்ணாக வைத்திருப்பவர்கள் பலர். ஏற்றத்தில் அதன் துள்ளலுக்கு ஈடில்லை. ஆனால் இரட்டை வீச்சு இன்ஜினில் இறக்கத்து இழுப்பு மிகக் குறைவு. மேலும் பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயில் அதன் பிஸ்டனுக்குப் போகிறது. ஆக்ஸிலேட்டரை மூடியபடி நீண்ட தூரம் இறங்கினால் அதற்கு எண்ணெய்ப் பசையும் குறையும். விடுமுறை நாளுக்கு அது போதும்; அன்றாட வேலைக்கு வேண்டாம்.

ஏபிஎஸ் பற்றி. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா வண்டிகளிலும் ஏபிஎஸ் கட்டாயம். அதற்குட்பட்டவற்றில் ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரு சக்கரங்களும் பிடிக்கும் சிபிஎஸ் போதும் என்பது அப்போது வந்த விதி. 150, 160 சிசி வண்டிகளில் பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் கொடுக்கிறார்கள். சமவெளியில் அது போதும் என்று வாதிடலாம். மலை இறக்கத்தில் வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின்சக்கரம் இலேசாகி, சிறிது அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் சில்வர் ஓக் மரங்களின் இலைகள் பாதையில் படிந்திருக்கும்போதும், மண்சரிவுக்குப் பிறகு செம்மண் பூசியிருக்கும்போதும் பின்சக்கரம் வழுக்கி வெளியே போவது இப்படித்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் அறிவீர்கள். வடகிழக்குப் பருவமழை முழுவதும் பாதையில் ஏறி இறங்கப்போகும் ஒருவருக்கு இரட்டை ஏபிஎஸ் உள்ள வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் ஒரு ரூபாய்கூட வீணில்லை. ஹன்டரில் விலை குறைந்த வகையில் பின்சக்கரத்துக்கு டிரம்மும் ஒற்றை ஏபிஎஸ்ஸும்தான். அதை வாங்காதீர்கள், அடுத்த வகைக்குப் போங்கள்.

கரடுமுரடான பாதைக்கென்று செய்யப்பட்ட ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் போன்ற வண்டிகளை நீங்கள் விட்டுவிட்டது சரியே. நாகலூர், மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் மண்பாதையில் போக வேண்டியவர்களுக்கு 21 அங்குல முன்சக்கரமும் 220 மில்லிமீட்டர் தரை இடைவெளியும் கொண்ட எக்ஸ்பல்ஸ் அருமையான வண்டி. தார்ச்சாலையிலேயே வேலை முடிந்துவிடும் உங்களுக்கு அந்த உயரம் சுமைதான். ஹிமாலயன் 450 இன்னும் பெரிய செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து, அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 சதவீதமாக உயர்ந்துவிட்டது.

அடிவாரம் வழியாக அல்லாமல் குப்பனூர், கொட்டச்சேடு வழியாகப் போவதும் உண்டு. கோடை விழா நாட்களில் இறங்கும் வண்டிகளை அந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள். அங்கே சரிவு கடுமையானது, பாதையும் குறுகலானது. மேலே சொன்ன மதிப்பீடுகள் எல்லாம் அங்கே இன்னும் கூர்மையாகும். முதல் கியரில் இறங்க வேண்டிய இடங்களும் வரும்.

என் முடிவு இது. ஐந்து நாளும் நீங்கள் தனியாகப் போய், எப்போதாவது மட்டும் மனைவி வருவதாக இருந்தால், இரட்டை ஏபிஎஸ் கொண்ட அப்பாச்சி 160 4வி வாங்குங்கள். எடை, இழுவை, பிரேக், மைலேஜ், நகர நெரிசல் ஆகிய ஐந்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இந்தப் பாதைக்கு அதைவிடப் பொருத்தமாக உங்கள் பட்டியலில் வேறில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது இருவராகப் போவதாக இருந்து, உங்கள் கால் தரையில் நன்றாக ஊன்றுமானால் கிளாசிக் 350 எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் அதன் இன்ஜின் தரும் பிடிமானமும் பின்னிருக்கையும் அந்த விலைக்குத் தகும். வளைவில் சுறுசுறுப்பு வேண்டும், ஆனால் என்ஃபீல்டுதான் வேண்டும் என்றால் 2025க்குப் பிந்தைய ஹன்டர், இரட்டை ஏபிஎஸ் வகை. பணம் கையைக் கடித்தால் ரைடரின் டிஸ்க் பிரேக் வகை போதும், முந்துவதில் மட்டும் பொறுமை வேண்டும்.

எதை வாங்கினாலும் மனைவி வரும் நாட்களில் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை ஒன்றிரண்டு படி இறுக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் அமிழ்ந்து முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும், முகப்பு விளக்கும் பனிமூட்டத்தில் பாதையை விட்டு மேலே அடிக்கும். டயர் காற்றை, இருவருக்கு என்று செயின் கவரின் அருகே ஒட்டியிருக்கும் அளவுக்குக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். ஷோரூமில் சோதனை ஓட்டம் கேட்கும்போது ஐந்து ரோட்டைச் சுற்றி வந்து திருப்திப்படாமல், மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு அடிவாரம் தாண்டி மூன்றாவது நான்காவது வளைவு வரை ஏறிவிட்டு, இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கிப் பாருங்கள். அங்கே பிரேக்கை எத்தனை முறை தொட வேண்டியிருந்தது என்பதை எண்ணி, இரண்டு மூன்று வண்டிகளுக்கு இடையே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.